நூறு மில்லிக்கு மேல்

"இந்தப் பை யாரோடது?"

கறாரக்கா நீல நிறக் கைப்பையை மேசைமேல் எடுத்து வைத்துவிட்டு வரிசையைப் பார்த்துக் கேட்டாள்.

விமானம் ஏறப் போகிறவர்களின் கைப்பைகளைச் சோதிப்பது அவள் வேலை. கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர்தான் கறாரக்கா. போன மாதம் வரை அவளும் இளகிய மனசுக்காரியாகத்தான் இருந்தாள். யாரோ ஒரு பெரியவர் கெஞ்சினார் என்று முழங்கால் தைல பாட்டிலை விட்டுவிட்டு, அதற்கு மெமோ வாங்கினாள். இன்னொரு மெமோ வந்தால் வீட்டில் உட்கார வேண்டியதுதான். கையில் கொண்டுபோகும் திரவம் எதுவும் நூறு மில்லிக்கு மேல் கூடாது என்பது விதி; அன்றிலிருந்து நூறு மில்லி என்றால் நூறு மில்லி. ஒரு சொட்டு கூடினாலும் குப்பைத் தொட்டிக்குப் போய்விடும்.

"என்னோடதுதான் மேடம்."

ஒல்லியான ஒரு பெண் முன்னால் வந்தாள். இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். சரியாகத் தூங்கிப் பல நாள் ஆனது போல் கண்கள் உள்ளே போயிருந்தன.

"திறங்க."

உள்ளே ஐஸ் பைகளுக்கு நடுவே ஆறு பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் வெள்ளைத் தாள் ஒட்டி, தேதியும் நேரமும் எழுதியிருந்தது. நேற்றுக் காலை, நேற்றுச் சாயங்காலம், இன்று விடியற்காலை ஐந்து நாற்பது.

"என்ன இது?"

"தாய்ப்பால்."

கறாரக்காவின் குரல் தானாகவே இறங்கியது. அவளுக்கும் வீட்டில் ஐந்து மாதக் கைக்குழந்தை. வேலைக்கு நடுவில் கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மார்பு கனத்து வலிக்க வலிக்கப் பாலை எடுத்து வைக்கிறவள் அவள்.

"ஒவ்வொண்ணும் நூத்தம்பது இருக்கும் போலிருக்கே. பரவால்ல, குழந்தை கூட வந்தா விடலாம். குழந்தை எங்க?"

"வருது."

"யார்கிட்ட இருக்கு? ஒரு தடவை காட்டுங்க, பார்த்துட்டு விட்டுடறேன்."

அந்தப் பெண் பாட்டில்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இங்க பாருங்கம்மா. குழந்தை ஊர்ல இருக்கு, போய்த்தான் கொடுக்கணும்னா, இதையெல்லாம் பெரிய பெட்டியில வெச்சு முதல்லயே கவுன்ட்டர்ல போட்டிருக்கணும். கையில கொண்டுபோக முடியாது."

"ஊர்ல இல்ல மேடம். இதே விமானத்துலதான் வருது."

"அப்ப காட்டறதுக்கு என்ன?"

பின்னால் நின்ற டை கட்டிய ஆள் கைக்கடிகாரத்தைத் தட்டினார். "ஒருத்தருக்காக இத்தனை பேரும் நிக்கணுமா?"

சத்தம் கேட்டுக் கண்ணாடி அறையிலிருந்து மேலதிகாரி எட்டிப் பார்த்தார்.

"என்ன அங்க?"

"பால் சார். குழந்தை வருதுன்னு சொல்றாங்க."

"சொன்னா போதுமா? கண்ணால பார்த்தாத்தான் விடணும். போன மாசம் வாங்கினது மறந்து போச்சா?"

அத்தனை பேர் முன்னால் அவர் அப்படிக் கேட்டது கறாரக்காவுக்குச் சுருக்கென்றது. யாரோ செய்கிற தப்புக்கு எப்போதும் அவள் தலைதான் உருள்கிறது. அந்தக் கோபமெல்லாம் எதிரில் நின்றவள் மேல் திரும்பியது. பெற்ற பிள்ளையை யார் தலையிலாவது கட்டிவிட்டு ஊர் சுற்ற வந்திருப்பாள். அதை மறைக்கத்தான் இந்தப் பொய்.

"பிள்ளையைக் கண்ணுல காட்ட முடியல, பால் மட்டும் பாட்டில் பாட்டிலா வருதா? பெத்தா மட்டும் போதாதும்மா."

அந்தப் பெண் சரிந்திருந்த ஐஸ் பையை எடுத்துப் பாட்டில்களின் மேல் வைத்தாள். அது கறாரக்காவின் கோபத்தை இன்னும் கிளறிவிட்டது. ஒரு பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, தொட்டியின் மேல் சாய்த்தாள்.

சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள் அந்தப் பெண். பிடித்த கை ஐஸ் மாதிரிச் சில்லிட்டிருந்தது.

"கொட்டிடாதீங்கக்கா. ஆஸ்பத்திரியிலயும் கொட்டச் சொன்னாங்க. எனக்குத்தான் மனசு வரல."

கறாரக்கா கையை உதறப் போனபோது, வரிசையை விலக்கிக்கொண்டு ஓர் இளைஞன் மூச்சு வாங்க வந்தான்.

"என் சம்சாரம்தான் மேடம். கீழ ஒரு கையெழுத்துப் போடணும்னு கூப்பிட்டாங்க, போயிருந்தேன். என்ன ஆச்சு?"

"குழந்தையைக் காட்டச் சொன்னேன், அவ்வளவுதான். அதுக்கு இத்தனை ஆர்ப்பாட்டம்."

அவன் மனைவியைப் பார்த்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து, மேசைமேல் பிரித்து, கறாரக்கா படிப்பதற்கு வசதியாகத் திருப்பி வைத்தான்.

அது சரக்குப் பிரிவில் கொடுத்த ரசீது. அதே விமானத்தின் எண். மரப்பெட்டி ஒன்று.

"இருதய ஆபரேஷனுக்குத்தான் இங்க கூட்டிட்டு வந்தோம். முந்தாநாள் ராத்திரி போயிடுச்சு" என்றான் அவன். "கையில ஏழு கிலோ வரைக்கும் கொண்டுபோகலாமாமே, எங்க பொண்ணு நாலு கிலோகூட இல்லையே, மடியிலயே வெச்சுக்கறோம்னு கேட்டுப் பார்த்தோம் மேடம். அதுக்கு விதி இல்லைன்னுட்டாங்க."