நாரை திரும்பிப் பார்த்த போட்டி

இதை நான் நேரில் பார்க்கவில்லை. பள்ளி நாட்களில் பாய்மரப் படகுப் போட்டிக்குப் போன என் அறைத்தோழி மலர்விழி சொன்னாள். தனக்குப் படகுகளே சொன்னதாகச் சாதித்தாள்.

அவள் பள்ளி அணியில் இரண்டு படகுகள். பழையது நாரை, புதியது மின்னல். எதிரணியிலும் இரண்டு. நான்கில் கடைசியாக வரும் படகு எந்த அணியுடையதோ, அந்த அணி தோற்றதாகக் கணக்கு. முதலில் வருவதற்குத் தனி மதிப்பு கிடையாது. ஆனாலும் ஒரே ஒரு முறை முதலில் வர நாரைக்கு ஆசை.

"இத்தனை ஒட்டுப் போட்ட பாயை வச்சுக்கிட்டா? என் பின்னாலயே பத்திரமா வாங்கக்கா" என்று சிரித்தது மின்னல்.

போட்டியில் நாரைதான் முன்னால் போனது. எல்லைக்கோடு பக்கத்தில் தெரிந்தது. அப்போது பின்னாலிருந்து மின்னல் கத்தியது.

"அக்கா, நான் கடைசில மாட்டிக்கிட்டேன்!"

நாரை கோட்டை ஒருமுறை பார்த்தது. பிறகு வேகத்தைக் குறைத்து, எதிரணியின் ஒரு படகை முன்னே போகவிட்டு, மின்னலுக்கு முன்னால் வந்த இன்னொன்றின் காற்றை மறைத்து நின்றது. அந்தப் படகின் பாய் துவண்டது.

"வழிய விடு கிழவி!"

"பொறு தம்பி, ஒட்டு பிரியுது" என்றது நாரை. "மின்னல், என்னடி வேடிக்கை? போ!"

மின்னல் கடந்து போனது. நாரை அதன் பின்னாலேயே போய்ச் சேர்ந்தது.

பிறகு நான் முடிவுத்தாள்களைத் தேடிப் பார்த்தேன். அந்த வருடம் நாரை மூன்றாவது, அணிக்கு வெற்றி. அடுத்த வருடமும் வெற்றிதான். அந்தத் தாளில் மின்னல் மூன்றாவது, நாரை முதலாவது.