கண் நரம்பு டெஸ்ட்

கண் நரம்புப் பரிசோதனை அறைக்கு வெளியே மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மாமியார், இருபுறமும் மகனும் மருமகளும்.

"மூளைக்கு அடியில பிட்யூட்டரின்னு ஒரு சுரப்பியாம், அதுல கட்டியாம்! பேரைக் கேட்டாலே தலை சுத்துது. அது இருக்கிற வரைக்கும் குழந்தைக்கு வழியில்லைன்னு டாக்டரே சொல்லிட்டாராமே?"

"ஆமா அத்தை. மாத்திரையிலேயே சுருங்கிடும்னும் சொன்னார். அது கண் நரம்பை அழுத்துதான்னு பார்க்கத்தான் இந்த டெஸ்ட்."

"சுருங்கும், சுருங்கும்! என் மகன் தங்கம், பொறுத்துக்கிட்டிருக்கான். வேற எவனாவதா இருந்தா உன்னை எப்பவோ மூட்டை கட்டி அனுப்பியிருப்பான்."

மருமகள் கணவனைப் பார்த்தாள். அவன் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அம்மாவிடம் எதுவும் பேசிவிடாதே என்று அவன் கெஞ்சியதால்தான் இத்தனை நாளும் அவள் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

நர்ஸ் கதவைத் திறந்தாள். "தலையில எண்ணெய் வைக்கலையே? ஒயர் ஒட்டணும். உள்ள வாங்க."

"எழுந்திருடி, கூப்பிடறாங்க" என்று மாமியார் மருமகளின் தோளை இடித்தாள்.

அவள் அசையவில்லை. கணவன் எழுந்து வந்து அவள் காதருகே குனிந்தான். "ரெண்டு பேருமா உள்ள போயிடலாம், வா."

"நான் எதுக்கு?" அவள் குரல் வராந்தா முழுக்கக் கேட்டது. "கட்டி உங்க தலையில இருக்கு. ஒயரை என் தலையிலயா ஒட்டுவாங்க? போங்க."