திருப்பி மாட்டிய லென்ஸ்

வாங்கிய வீட்டுக்குத் தனியாகக் குடிவந்ததும் முதல் வேலையாகப் பூட்டை மாற்றினேன். வந்திருப்பது யாரென்று உள்ளிருந்து பார்க்க வாசல் கதவில் வைத்திருந்த லென்ஸ் வழியே, வெளியிலிருந்து பார்த்தால் கூடம் தெரிந்தது.

“முன்னாடி இங்க தனியா இருந்த டீச்சரம்மா சொல்லித்தான் திருப்பி மாட்டினேன்,” என்றார் பூட்டு மாற்ற வந்த தச்சர். “‘திருடனுக்கு நீங்களே வழி காட்டுறீங்களே’ன்னேன். சிரிச்சாங்க. நேரா மாட்டிடட்டுமாம்மா?”

“அப்புறம் பாத்துக்கலாம்ணே.”

இருட்டிய கூடத்துக்குள் நுழைவதுதான் எனக்கு நாளின் கடினமான நேரம். தினமும், என்னிடம் மட்டுமே இருக்கும் சாவியைப் போடுமுன் குனிந்து பார்ப்பேன். காலையில் விட்டுப்போன நாற்காலி அரையிருட்டில் அப்படியே இருக்கும்.

இன்று உள்ளே விளக்கு எரிந்தது. ஈரக்கையைத் துண்டில் துடைத்தபடி ஒருத்தி கதவைத் திறக்க வந்துகொண்டிருந்தாள்.

சாவியைப் பைக்குள் போட்டுவிட்டு, தலைமுடியைச் சரிசெய்துகொண்டு நின்றேன்.