பழைய சாமான்

கழற்றிய பழைய சாமானை ஒரு பாலிதீன் பையில் போட்டு வண்டிக்காரரிடமே கொடுத்துவிடுவது அந்த சர்வீஸ் சென்டரின் வழக்கம். பிரேக் ஆயில் போகும் ஹோஸுக்கு மட்டும் விலக்கு. குறிப்பிட்ட ஒரு மாடல் கார் எது வந்தாலும் சத்தமில்லாமல் அதை மாற்றிவிட வேண்டும், வேலை விவரம் குறிக்கும் ஜாப் கார்டில் எழுதக் கூடாது, கேட்டால் இலவசப் பரிசோதனை என்று சொல்ல வேண்டும் என்பது கம்பெனி உத்தரவு.

“பழசு ஏதும் இருக்குதுங்களா?” என்று வண்டியை எடுக்க வந்த அர்த்தநாரி கேட்டபோது அது மெக்கானிக் தணிகைவேலின் கால்சட்டைப் பையில் இருந்தது. ஒரு சாண் ரப்பர் குழாய். வளைத்தால் விரிசல் வாய் திறக்கும்.

“எதுவும் மாத்தல சார். சும்மா செக் பண்ணோம்.”

அர்த்தநாரிக்கு முகமெல்லாம் சந்தோஷம். அங்கேயே நின்று தங்கை கணவரை அழைத்தார். “மாப்ள, உங்க காரும் இதே மாடல்தானே, உங்களுக்கும் செக்கப்புக்கு போன் வந்துச்சில்ல? நம்ம வண்டியில ஒண்ணுமே இல்லையாம். நீங்க இதுக்குன்னு அலையாதீங்க. புள்ளைங்களக் கூட்டிட்டு ஏற்காடு கெளம்புங்க.”

சாவியைக் கொடுத்த தணிகைவேலின் கை பைக்குள் போய்க் குழாயைப் பற்றிக்கொண்டது. சொல்வதற்கு அந்த ஒரு நிமிடம் இருந்தது. வண்டி கேட்டைத் தாண்டிப் போயிற்று.

மதியம் சாப்பாட்டைத் திறந்து மறுபடி மூடிவிட்டு, தணிகைவேல் அர்த்தநாரியை போனில் அழைத்தான். எதிர் மேசையில் மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார்.

“சொல்லுங்க தம்பி.”

“வண்டி நல்லா ஓடுதுங்களா சார்?”

“அருமையா ஓடுது. மாப்ளயும் ஏற்காட்டுக்கு ஏறிட்டாரு. சாயங்காலந்தான் எறங்கறாரு.”

தணிகைவேல் போனை வைக்கவில்லை. பைக்குள் குழாயை வளைத்தான்; விரிசல் வாய் திறந்தது.