பொய்யனுக்கு ஒரு கரண்டி மாவு

கிறிஸ்மஸுக்கென்று துரைசாணி தன் கையாலேயே தீனி போட்டு வளர்த்த வான்கோழி, ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது கூட்டில் இல்லை.

இலங்கையில் அக்கரப்பத்தனைப் பக்கத்தில் இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை, இராக்காவலன் மாயாண்டியைக் கூப்பிட்டார். நாடு சுதந்திரம் அடைந்து ஏழெட்டு வருஷம் ஆகியும் துரையும் மாறவில்லை, அவருடைய தமிழும் தேறவில்லை.

"கோழி போச்சு. நீ எங்கே போச்சு?"

"கொஞ்சம் கண்ணசந்துட்டேனுங்க, தொரைங்களே."

"நாளைக்குக் கள்ளன் வேணும். இல்லாட்டி உனக்குப் பத்துச்சீட்டு."

பத்துச்சீட்டு கொடுத்துத் தோட்டத்தைவிட்டு அனுப்பிவிட்டால் வேலை மட்டும் போகாது, குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போய்விடும். மனைவி மீனம்மாவையும் பிள்ளைகளையும் ஆட்டையும் ஓட்டிக்கொண்டு எந்தத் தோட்டத்தில் போய் நிற்பது? காவல் இருந்தும் வான்கோழியைத் தொலைத்தவனுக்கு எந்தத் துரை வேலை கொடுப்பார்?

காப்பாற்ற வந்தவர் கண்டாக்கு சின்னராசா. தோட்டத்து வெளிவேலைகளுக்குப் பொறுப்பான உத்தியோகத்தர். கண்டியில் யாரோ ஒரு பேராசிரியரின் மனோதத்துவச் சொற்பொழிவைக் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்த நாளிலிருந்து, கொழுந்து நிறுக்கும்போதுகூட அவர் தராசைப் பார்ப்பதில்லை, ஆட்களின் கண்ணைத்தான் பார்ப்பார்.

"பொய் சொல்றவனுக்கு வாய் உலர்ந்துரும், தொரை. உலர்ந்த வாயால வறட்டு மாவை முழுங்க முடியாது. யாரு முழுங்கலையோ அவன்தான் கள்ளன். இது சயன்ஸ்."

திங்கட்கிழமைக் காலை, பங்களா ஆட்கள் எல்லோரும், காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்துக்கு வர வேண்டும் என்று உத்தரவு போனது. பரிசோதனை பழுதாகக் கூடாதல்லவா? ஆகவே தேத்தண்ணி குடிக்கக் கூடாது, முக்கியமாக வெற்றிலை போடக் கூடாது. வாயில் வெற்றிலை இல்லாமல் பெரட்டுக்கு வருவதும் இடுப்பில் வேட்டி இல்லாமல் வருவதும் அந்த மலையில் ஒன்றுதான். ஆனாலும் வந்தார்கள். கொழுந்துக்குப் போக வேண்டிய பெண்கள் கூடைகளை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்க்க நின்றார்கள்.

எல்லோருக்கும் சந்தேகம் கோக்கி என்று கூப்பிடப்படும் சமையல்காரர் வீரய்யாவின் மேல்தான். வான்கோழியைச் சமைக்கத் தெரிந்த ஆள் அந்தத் தோட்டத்திலேயே அவர் ஒருவர்தான்.

"வான்கோழியை எடுத்தது நீதானா?" என்று கேட்டார் கண்டாக்கு.

"சத்தியமா இல்லீங்க."

ஒரு கரண்டி அரிசி மாவு வாய்க்குள் போனது. அடுத்த நிமிஷம், வட்டவளை ஏற்றத்தில் மூச்சு வாங்கும் ரயிலைப் போல வீரய்யா வெள்ளைவெளேரென்று புகைவிட்டு இருமினார்.

"அம்புட்டுத்தான். கோக்கி மாட்டிக்கிட்டாரு" என்று சந்தோஷப்பட்டான் பூச்செடி பார்க்கும் அழகுமுத்து. அவன் சந்தோஷம் அவன் முறை வரும்வரைதான் இருந்தது. மாவு மேலண்ணத்தில் அப்பிக்கொள்ள, அதன்பிறகு அவன் சொன்னது எதுவும் யாருக்கும் விளங்கவில்லை.

மூன்றாவது ஆள் துணி வெளுக்கும் அம்மாக்கண்ணு. வாயில் போட்ட மாவை அப்படியே துப்பினாள்.

"இதை ரொட்டியாச் சுட்டுக் குடுங்க, முழுங்கிக் காட்டுறேன்."

"மூணு பேருமாச் சேந்தா எடுத்தீங்க?" என்றார் கண்டாக்கு, கலங்கிப்போய்.

"வெத்தலையும் இல்ல, தேத்தண்ணியும் இல்ல. நாக்கு காஞ்ச சருகாக் கெடக்கு. நீங்கதான் ஒரு கரண்டி போட்டுப் பாருங்களேன், கண்டாக்கையா" என்றாள் அம்மாக்கண்ணு.

மனோதத்துவம் தெரிந்தவருக்கு ரோஷம் வந்தது. போட்டார். கண் பிதுங்கியது. சயன்ஸ் அவரையும் விட்டுவைக்கவில்லை.

துரை சிரித்தார். கரண்டியை வாங்கித் தன் வாயிலும் போட்டுக்கொண்டார். பிறகு சிரிக்கவில்லை, இருமினார். மீசை வெளுத்துப்போன புருஷனைக் களத்தோரம் நின்ற துரைசாணி ஒரு மாதிரியாகப் பார்த்தார். நேற்று முன்தினம் கிளப்பில் வெறும் சீட்டுதான் ஆடிக்கொண்டிருந்தேன் என்று துரை சொன்னது துரைசாணிக்கு ஞாபகம் வந்திருக்கலாம்.

மிஞ்சியவன் மாயாண்டி ஒருவன்தான். கூட்டத்தில் நின்ற மீனம்மா முந்தானையைக் கடித்துக்கொண்டாள்.

மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள கண்டாக்குக்கும் இவனை விட்டால் வேறு ஆள் இல்லை. ஆகவே கேள்வியைக் கொஞ்சம் விஸ்தாரமாகவே கேட்டார்.

"மாயாண்டி, நல்லா மனசுல நெனச்சுப் பாரு. கொழுகொழுன்னு வான்கோழி. தொடை மட்டும் இந்த மொத்தம். அதை நீ எடுத்தியா?"

"இல்லீங்க, ஐயா."

மாவு போனது. மாயாண்டி கண்ணை மூடினான். தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. நாக்கை நீட்டினான். கழுவிக் கவிழ்த்த பீங்கான் போல இருந்தது நாக்கு.

நம்பாமல் இன்னொரு கரண்டி போட்டார்கள். அதுவும் போன இடம் தெரியவில்லை.

"ஜெயிச்சிருச்சு, தொரை" என்றார் கண்டாக்கு தழுதழுத்த குரலில். "இந்தத் தோட்டத்துலயே பொய் சொல்லாத ஒரே ஆள் இவன்தான்."

துரை யோசித்தார். முழுங்காதவர்களையெல்லாம் அனுப்புவதென்றால் பத்துச்சீட்டில் ஒன்றைத் தன் பெயருக்கும் எழுத வேண்டும். பேசாமல் வழக்கை மூடினார். நுவரெலியாவிலிருந்து வேறு வான்கோழி வருவதாக இருந்தது. அதற்கும் மாயாண்டியே காவல் என்றார். உண்மையாளனுக்குப் பரிசாக ஒரு புதுக் கம்பளியும் கிடைத்தது.

காம்பராவுக்குள் நுழைந்ததும் மீனம்மா கதவைச் சாத்தினாள். பயம் தெளிந்த அழுகை அப்போதுதான் வந்தது.

"ஏங்க, தொரையாலயே முடியலையே. நீங்க மட்டும் எப்படி முழுங்குனீங்க?"

மாயாண்டி புதுக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்தான்.

"எனக்கும் வாய் காஞ்சுதான் கெடந்துச்சு புள்ள. பாவி மனுசன் தொடை அது இதுன்னு பேசப் பேச, நேத்து நீ அந்தத் தொடையப் போட்டு மொளகு அரைச்சு வச்ச கொழம்பு நெனப்புக்கு வந்துருச்சு, வாயெல்லாம் எச்சி ஊறிருச்சு."