எலி விழுங்கவில்லை

"மருந்தைக் கண்டுபிடிச்சவளுக்கே நோயாளியைக் கவனிக்கப் பயிற்சி வகுப்பா? நம்ம பரம்பரையில எவனும் இப்படி வகுப்புல கைகட்டி உட்கார்ந்ததில்ல!" ஓய்வுபெற்ற பேராசிரியர் மகளிடம் பொருமினார்.

"எலிக்குக் கேட்ட மருந்து மனுஷங்களுக்குக் கேக்கலப்பா. ஏன்னு சொல்லலன்னா என் ஆராய்ச்சியையே மூடிடுவாங்க. அதே மாதிரி பெரிய மாத்திரை சாப்பிடுற ஒருத்தரை அவங்க வீட்டுலயே கவனின்னு என் வழிகாட்டி சொன்னாங்க."

"கவனிச்சு என்னத்தக் கிழிச்சே?"

"எலி எதையும் விழுங்கலப்பா. குழாய் வழியாக் குட்டி மாத்திரையை நாங்கதான் முழுசா வயித்துல இறக்கினோம். நான் கவனிச்ச மனுஷன் பெரிய மாத்திரையை உடைச்சுக் கரைச்சுக் குடிக்கிறார். மேலுறை போனா வயித்து அமிலத்துல மருந்து வீண். கேட்டா, முழுசா முழுங்கினேன்னு சாதிக்கிறார்."

பேராசிரியரின் குரல் தேவைக்கு மேல் உயர்ந்தது. "ஒரு மாத்திரை முழுங்கத் துப்பில்ல, அதுல பொய் வேற! அந்த மானங்கெட்டவன் பேரை வகுப்புல எல்லார் முன்னாலயும் சொல்லு!"

"சொல்ல மாட்டேன். நம்ம குடும்ப மானம் போயிடும்."

"எவனோ முழுங்காததுக்கு நம்ம மானம் ஏன்டி போகணும்?"

மகள் குரலைத் தாழ்த்தினாள்.

"காலையில உங்க அறைக் கதவை நீங்க சரியாச் சாத்தலப்பா."