மங்கலாகவே இருக்கட்டும்

"இந்த வெளிச்சத்துல பேய்க்கே கால் தடுக்கும்பா, ஆர்லோ! நல்ல பல்பா ஒண்ணு போட்டாத்தான் என்ன?"

பக்கத்து வீட்டு நோர்மா கைப்பிடியைப் பற்றி, முட்டி வலிக்குப் பயந்து பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக ஏறி வந்தாள். மறு கையில் அவள் சுட்ட பூசணிக்காய் ரொட்டி.

"இருக்கட்டும் தாயே. பேய்க்குப் பழகின இடம்தானே" என்றார் ஆர்லோ.

பிள்ளைகள் பேய் வேடம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்கும் ஹாலோவீன் வந்தால் அந்தத் தெருவில் பொம்மை எலும்புக்கூடுகள் எழுந்து நிற்கும், சூனியக்காரிகள் கூரையேறிக் கத்துவார்கள். ஆர்லோவின் வீடு மட்டும் தனி ரகம். வாசலில் வலைத்துணிப் பேய்கள் தொங்கும். ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் ஒரு குட்டி மஞ்சள் விளக்கு. படியோரம் பல்லிளிக்கும் பூசணிக்காய்களுக்குள் மெழுகுவர்த்தி. தூணைச் சுற்றி ஊதாச் சரவிளக்கு. பிள்ளைகள் பயந்துகொண்டே வந்து, சிரித்துக்கொண்டே மிட்டாய் வாங்கிப் போவார்கள். மகள் கோரா பயந்தாங்கொள்ளி என்பதால் அவர் மனைவி மெர்லின் செய்துவைத்த ஏற்பாடு இது.

இப்போது மெர்லின் இல்லை. அவளுக்கு நோய் முற்றியதை ஆர்லோ மகளுக்குச் சொல்லவில்லை. சின்சினாட்டியிலிருந்து கோரா ஓடி வந்தபோது மூடிய சவப்பெட்டியைத்தான் பார்த்தாள். "இனி உங்க முகத்துல முழிக்கமாட்டேன்பா" என்று சொல்லிவிட்டுப் போனவள், போனவள்தான்.

"இந்த வருஷமும் வருவாங்கிறியா?" என்று மெல்லக் கேட்டாள் நோர்மா.

"வராம? மூணு வருஷமா வர்றாளே. அவ சின்னப் பிள்ளையில போட்ட மாதிரியே தலையோட வெள்ளைத் துணியப் போத்திக்கிட்டு, எல்லாருக்கும் கடைசியா வருவா. ஒரு வார்த்தை பேசமாட்டா."

"அது கோராதானா?"

"வேற யாரு எனக்காக வரப்போறா, நீயே சொல்லு!"

நோர்மா ரொட்டியை அவர் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

பிள்ளைகளின் கூச்சல் ஓய்ந்தது. வாசல் விளக்கு அணைந்துவிட்டால் அந்த வீட்டை யாரும் தட்டக் கூடாது என்பது ஊர் வழக்கம். ஒவ்வொரு வாசலாக இருண்டது. ஆர்லோ மட்டும் விளக்கை அணைக்காமல், மிட்டாய்க் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு தெருவையே பார்த்திருந்தார். வரவில்லையென்றால் என்ன செய்வது?

வந்தது. கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்ட வெள்ளைத் துணி, ஊதா வெளிச்சத்தில் அசைந்து அசைந்து வந்து எதிரே நின்றது.

"வாம்மா" என்றார் ஆர்லோ. "முகத்துல முழிக்கமாட்டேன்னு சொன்ன. சொன்ன சொல்லும் தவறாம, அப்பனையும் விட்டுடாம வர்ற பாரு!"

துணி ஓர் அடி நெருங்கி நின்றது.

"சொல்லக் கூடாதுன்னு உங்கம்மா கையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டாடி. நானாவது அதை மீறியிருக்கணும். தப்பு என்னோடதுதான். உன் அறை அப்படியே இருக்கு கோரா. என்னைக்குத் தோணுதோ அன்னைக்கு வா."

துணிக்குள்ளிருந்து ஒரு விசும்பல். துணியோடு சேர்ந்து ஒரு கை நீண்டு அவர் கையைப் பற்றிக்கொண்டது. ஆர்லோ கண்களை மூடிக்கொண்டார். இந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் வருடம் முழுவதையும் ஓட்டுகிறார்.

அவர் கண்ணைத் திறந்தபோது அது திரும்பிவிட்டிருந்தது. கைப்பிடியைப் பற்றி, பக்கவாட்டில், ஒவ்வொரு படியாக இறங்கியது.

"பார்த்து இறங்கு, நோர்மா" என்று நாக்கு நுனிவரை வந்ததை, ஆர்லோ இந்த வருடமும் விழுங்கிக்கொண்டார்.